பகடையும் பகடியும்

பெண்களைப் பற்றி இரண்டு புகார்கள் நெடுங்காலமாக உலவுகின்றன. பெண்களுக்கு நகைச்சுவை உணர்வு கிடையாது என்பது ஒன்று. பொம்பளை சிரிச்சா போச்சு, புகையிலை விரிச்சா போச்சு என்பது மற்றொன்று. சிரிக்கத் தெரியாதவள் என்று ஏசுகிற அதே வாய்தான், சிரித்தால் கெட்டாள் என்றும் சொல்கிறது. இரண்டும் முரண்போலத் தோன்றும். யோசித்தால் இரண்டும் ஒரே பங்கீடு. சிரிப்பை உண்டாக்கும் உரிமை ஆணுக்கு. சிரிப்புக்கு இரையாகும் கடமை பெண்ணுக்கு.

இந்தப் பங்கீட்டைப் பற்றிப் பேச ஓர் அமெரிக்க அனிமேஷன் தொடரை எடுத்துக்கொள்கிறேன். 'தி லெஜெண்ட் ஆஃப் வாக்ஸ் மாக்கினா' என்பது அதன் பெயர். என் மாணவிகள் சொல்லித்தான் பார்க்கத் தொடங்கினேன். 2022 முதல் 2024 வரை அமேசான் பிரைமில் வந்த மூன்று பருவங்களையும் பார்த்து முடித்தேன். டிராகன்கள், ரத்தக்காட்டேரிகள், வாள்வீச்சு, தாராளமான கெட்ட வார்த்தை. தமிழ் இலக்கியம் கற்பிக்கிறவளுக்கு இதில் என்ன வேலை என்று கேட்பவர்கள் கேட்கட்டும். ஒரு சிரிப்பு எங்கே பிறந்தது, யார் வாயில் பிறந்தது, பிறகு எப்படி வெட்டி மெருகேற்றித் திரைக்கு வந்தது என்பதை அடியிலிருந்து நுனிவரை பார்க்க வாய்ப்புத் தரும் படைப்புகள் மிகக் குறைவு. இது அவற்றில் ஒன்று.

காரணம், இந்தத் தொடர் ஒரு மேசையைச் சுற்றிப் பிறந்தது. குரல் நடிகர்களான நண்பர்கள் சிலர், 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' வகையைச் சேர்ந்த, பாத்திரமேற்று ஆடும் விளையாட்டை வீட்டில் ஆடிவந்தார்கள். 2015 மார்ச்சில் அதை 'கிரிட்டிக்கல் ரோல்' என்ற பெயரில் இணையத்தில் நேரலையாக ஒளிபரப்பத் தொடங்கினார்கள். 2017 அக்டோபரில் முதல் கதை முடிந்தபோது 115 அமர்வுகள் ஆகியிருந்தன. 2019 மார்ச்சில், இதைச் சிறு அனிமேஷன் படமாக எடுக்க ஏழரை லட்சம் டாலர் வேண்டும் என்று பார்வையாளர்களிடம் கேட்டார்கள். 88,887 பேர் சேர்ந்து ஒரு கோடியே 13 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்தார்கள். அதிலிருந்து வந்ததுதான் இந்தத் தொடர். மேசையில் அமர்ந்து ஆடியவர்களே தங்கள் பாத்திரங்களுக்குத் திரையிலும் குரல் கொடுக்கிறார்கள். எட்டுப் பேரில் மூவர் பெண்கள்: மாரிஷா ரே, லாரா பெய்லி, ஆஷ்லி ஜான்சன்.

இந்த ஆட்டத்தை அறியாத தோழிகளுக்காக ஒரு சிறு விளக்கம். ஒருவர் கதையை நடத்துவார். அவரை டன்ஜன் மாஸ்டர் என்பார்கள். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்பார்கள். 'நான் மதில்மேல் ஏறுகிறேன்' என்று ஒருத்தி சொன்னதும் அவள் ஏறிவிட்டதாக ஆகாது. இருபது முகப் பகடையை உருட்ட வேண்டும். இருபது விழுந்தால் பூனைபோல ஏறிவிடுவாள். ஒன்று விழுந்தால் அகழிக்குள் தலைகுப்புற விழுவாள். மேசை முழுக்கச் சிரிப்பு வெடிக்கும். இந்த ஆட்டத்தின் நகைச்சுவையில் பெரும்பகுதி இப்படித்தான் பிறக்கிறது: வீரம் பேசியவர் சொதப்பும் கணத்தில்.

தொல்காப்பியம் மெய்ப்பாடுகளை வரிசைப்படுத்தும்போது நகையை முதலில் வைக்கிறது. அது பிறக்கும் இடங்களாக நான்கைச் சொல்கிறது: பிறரை எள்ளுவது, பிள்ளைத்தனம், அறியாமை, மடமை. இந்த மேசையில் நான்கும் உண்டு. வேடிக்கை என்னவென்றால், அந்த நான்காவதான மடம், அச்சத்தோடும் நாணத்தோடும் சேர்த்துப் பெண்ணுக்கு உரிய குணமாகவும் நம் மரபில் எண்ணப்பட்டிருக்கிறது. உரையாசிரியர்கள் இரண்டுக்கும் வெவ்வேறு பொருள் சொல்லிச் சமாளிப்பார்கள். என் கேள்வி வேறு. மடம் பெண்ணின் அணிகலன் என்றால், அதே மடம் வெளிப்பட்டு ஊர் சிரிக்கும்போது மட்டும் அவள் ஏன் தலைகுனிய வேண்டும்?

பகடைக்கு ஆண் பெண் தெரியாது. ஆனால் பகடையை வைத்து விதி எழுதியவர்களுக்குத் தெரிந்திருந்தது. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 1974இல் அமெரிக்காவில் வெளியானது. 1976இல் 'தி டிராகன்' இதழில் வந்த ஒரு கட்டுரை, பெண் பாத்திரங்களுக்கு உடல்வலுவைக் குறைக்கச் சொன்னது. தலைமை தாங்கும் ஆளுமைக்கான மதிப்பெண்ணை எடுத்துவிட்டு 'அழகு' என்ற மதிப்பெண்ணை வைக்கச் சொன்னது. 1978இல் வந்த விதிநூலில், மனித ஆண் போர்வீரன் எட்டும் உச்ச வலிமையை மனிதப் பெண் எட்டவே முடியாது என்று வரம்பு கட்டினார்கள். டிராகன் நெருப்பு கக்கலாம், பிணம் எழுந்து நடக்கலாம், ஒரு பெண் மட்டும் ஆணளவு வலுவாக இருந்துவிட்டால் கற்பனை கெட்டுவிடும்! 1979இல் வந்த நூலில், நகரத் தெருவில் எந்த மாதிரியான பாலியல் தொழிலாளி எதிர்ப்படுவாள் என்பதைப் பகடை உருட்டித் தீர்மானிக்க ஒரு பட்டியலே இருந்தது. அது தகவலுக்காகப் போட்ட பட்டியல் இல்லை, சிரிப்பதற்காகப் போட்டது. வலிமை வரம்பு 1989இல் வந்த இரண்டாம் பதிப்பில்தான் நீங்கியது.

பகடை மேசையில் பெண்ணின் இடம் எது என்பது நமக்குப் புதிய கேள்வி இல்லை. பாரதக் கதையின் அந்தப் பெரிய சூதாட்டத்தில் திரௌபதி ஆடவில்லை, பணயமாக வைக்கப்பட்டாள். சபைக்கு இழுத்து வரப்பட்ட பிறகு அவள் கேட்ட கேள்வி, ஆட்ட விதியைப் பற்றிய கேள்வி: தன்னைத் தோற்றவனுக்கு என்னை வைக்க உரிமை உண்டா? விதி தெரிந்த ஒரே ஆள் அவள்தான். மேசையில் அவளுக்கு இடம்தான் இல்லை.

இந்த ஆட்டம் அனிமேஷனுக்கு முதலில் வந்தது 1983இல். அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஆட்டத்தின் பெயரிலேயே ஒரு சிறுவர் தொடர், 27 அத்தியாயங்கள். ஆறு பிள்ளைகள் ஒரு மாய உலகத்தில் சிக்கிக்கொள்கிறார்கள். ஆளுக்கொரு மந்திரப் பொருள் கிடைக்கிறது. ப்ரெஸ்டோ என்ற பையனுக்கு மந்திரத் தொப்பி. அதிலிருந்து கேட்டதைத் தவிர எல்லாம் வரும். அத்தியாயத்துக்கு அத்தியாயம் அவன் சொதப்புவான், நாம் சிரிப்போம். எரிக் என்ற பையன் பயந்து புலம்பி வாய்த்துடுக்காகப் பேசுவான், நாம் சிரிப்போம். பெண்கள் இருவர். டயானா உடல்வித்தைக்காரி, அவள் குறி அநேகமாகத் தவறாது. ஷீலாவுக்குக் கிடைத்த மந்திரப் பொருள் ஓர் அங்கி. அதைப் போர்த்திக்கொண்டால் அவள் யார் கண்ணுக்கும் தெரியமாட்டாள்.

இதை எழுதியவர்களுக்குக் கெட்ட எண்ணம் இருந்தது என்று நான் சொல்லவில்லை. பழக்கம்தான். பையன்களுக்குச் சொதப்பும் உரிமை. பெண்களில் ஒருத்திக்குத் தவறே செய்யாத கடமை, இன்னொருத்திக்கு மறைந்துபோகும் வரம். நம் வீடுகளில் பிள்ளைகளுக்குப் பகிர்ந்து கொடுப்பதும் இதுதானே?

அந்த ஷீலாவுக்கும் வாக்ஸ் மாக்கினாவின் கீலெத்துக்கும் இடையில் ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள். கீலெத் இயற்கைச் சக்திகளை ஆளும் பெண். தன் குலத்துக்குத் தலைமை ஏற்கும் தகுதியை நிரூபிக்கப் பயணம் புறப்பட்டவள். மேசையில் அவளை ஆடியவர் மாரிஷா ரே. முதல் கதையின் போக்கில் ஒரு நாள், மிக உயரமான செங்குத்துப் பாறையிலிருந்து கீலெத் குதிக்கிறாள். நீரில் விழும் முன் தங்க மீனாக உருமாறிவிட்டால் அடிபடாது என்று கணக்குப் போடுகிறாள். கீழே இருந்தது பாறை. மீன் சிதறுகிறது, கீலெத் சாகிறாள், தோழர்கள் மந்திரத்தால் அவளை மீட்கிறார்கள். மேசையைச் சுற்றி இருந்தவர்கள் சிரித்த சிரிப்பு, ஆட்டக்காரிக்கும் சேர்த்து வந்த சிரிப்பு. தன் பாத்திரத்தின் மடமைக்கு அவரே முதல் ரசிகை.

வெளியே நிலைமை வேறு. கீலெத் எடுத்த முடிவுகளுக்காக மாரிஷா ரே ஆண்டுக்கணக்கில் பார்வையாளர்களின் வசைக்கு ஆளானார். அதைப் பற்றிப் பொதுவில் பேசியும் இருக்கிறார். அதே மேசையில் க்ராக் என்ற பாத்திரம் உண்டு. ஆடியவர் டிராவிஸ் வில்லிங்ஹாம். க்ராக்கின் அறிவு மதிப்பெண் வெறும் 6. எண்ணத் தெரியாது, படிக்கத் தெரியாது; அடிக்கத் தெரியும். அவன் முட்டாள்தனத்தை ரசிகர்கள் கொண்டாடினார்கள், சட்டையில் அச்சடித்து அணிந்துகொள்ளும் அளவுக்குப் பிரியம். க்ராக் சொதப்பினால் நடிகர் திறமைசாலி. கீலெத் சொதப்பினால் நடிகைக்கு ஆடத் தெரியவில்லை. ஆணின் சொதப்பலில் பாத்திரத்தைப் பார்த்தவர்கள் பெண்ணின் சொதப்பலில் பெண்ணைப் பார்த்தார்கள்.

இனித் திரைக்கு வருவோம். மேசையில் யார் சொதப்புவார் என்பதைப் பகடை தீர்மானித்தது. திரையில் பகடை இல்லை, எழுத்தாளர்கள் தீர்மானிக்கிறார்கள். நூற்றுக்கணக்கான மணி நேர விளையாட்டைச் சில மணி நேரக் கதையாகச் சுருக்கும்போது எந்தச் சிரிப்பு தங்கும், எந்தச் சிரிப்பு உதிரும் என்பது ஒரு தேர்வு. தேர்வு என்றால் அதற்கு அரசியல் உண்டு.

நல்லதை முதலில் சொல்கிறேன். இந்தத் தொடர் தன் மூன்று நாயகிகளையும் சிரிப்புக்கு வெளியே நிறுத்தவில்லை. பைக் இறைப்பணி செய்பவள். குடிப்பாள், கெட்ட வார்த்தை பேசுவாள். முதல் பருவத்தில் தெய்வத்தோடு அவளுக்கு இருந்த தொடர்பு அறுந்துபோகிறது. அவள் தூய்மையானவளாகத் திருந்தியதால் அது திரும்பக் கிடைக்கவில்லை. இருக்கிறபடியே தன்னை ஏற்றுக்கொண்டபோதுதான் கிடைக்கிறது. வெக்ஸ் வில்லாளி, காசு என்றால் கண் விரியும், பேரம் பேசக் கூசமாட்டாள். கஞ்சத்தனம் நம் நகைச்சுவை மரபில் ஆண்களுக்கே எழுதப்பட்ட பாத்திரம். பெண்ணுக்கு எழுதினால் அது பெரும்பாலும் மாமியாராக இருக்கும். இங்கே இளம் நாயகி அதைச் செய்கிறாள், அழகு குறையாமல் செய்கிறாள்.

இப்போது என் சண்டை. திரையில் வரும் கீலெத் சொதப்புகிறாள்தான். ஆனால் மேசையில் இருந்த துணிச்சலோடு இல்லை. அங்கே அவள் தன் புத்திசாலித்தனத்தின்மேல் அளவுகடந்த நம்பிக்கை வைத்துப் பாறையிலிருந்து குதித்தவள். இங்கே அவள் தயங்குகிறாள், திக்குகிறாள், தன்மேலேயே ஐயம் கொள்கிறாள். க்ராக் சொதப்பிவிட்டுக் கொக்கரிக்கிறான். பாணனான ஸ்கேன்லன் சொதப்பிவிட்டுக் கண்ணடிக்கிறான். கீலெத் சொதப்பிவிட்டு வருந்துகிறாள். ஷீலாவின் அங்கியிலிருந்து வெகுதூரம் வந்துவிட்டோம், உண்மை. வந்து சேர்ந்த இடத்தில் எழுதியிருக்கும் புதிய விதி இது: பெண் சொதப்பலாம், ஆனால் மன்னிப்பு கேட்டுக்கொண்டே சொதப்ப வேண்டும். முதல் பருவத்தின் இறுதிப் போரில் சூரிய ஒளியை வரவழைத்து ரத்தக்காட்டேரிப் பிரபுவை எரித்தவள் அவள்தான். அந்த வெற்றிக்குத் தகுதி பெற அவள் அத்தனை அத்தியாயம் வருந்த வேண்டியிருந்தது. க்ராக்கிடம் யாரும் அந்த வரி வசூலிக்கவில்லை.

ஸ்கேன்லனைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சாம் ரீகல் குரல் கொடுக்கும் இந்தப் பாணன் பாடியே மந்திரம் செய்பவன்; பார்க்கிற பெண்ணிடமெல்லாம் படுக்கை பேசுபவன். தொடரின் ஆபாச நகைச்சுவையில் பெரும்பங்கு அவனுடையது. பெரியவர்களுக்கான அனிமேஷன் என்று காட்டிக்கொள்ளும் அவசரத்தில், தொடக்க அத்தியாயங்கள் பெண்ணுடம்பைச் சிரிப்புக்கான மேடைப்பொருளாகக் கையாள்கின்றன. இதைச் சொன்னால் உடனே வரும் பதில் நமக்கு மனப்பாடம்: 'வெறும் ஜோக்குதானே, உங்களுக்குச் சிரிக்கவே தெரியாதா?'

தொடரே இதற்குப் பதில் சொல்கிறது. இரண்டாம் பருவத்தில் கேய்லி என்ற இளம்பெண் ஸ்கேன்லன் முன் வந்து நிற்கிறாள். அவன் எப்போதோ சிரித்துவிட்டுப் போன ஓர் இரவின் மகள். தாயைக் கைவிட்டவன்மேல் கொலைவெறியோடு வளர்ந்தவள். முதல் அத்தியாயத்திலிருந்து நாம் சிரித்த அத்தனை சிரிப்புக்கும் ரசீது போட்டுக்கொண்டு அவள் வருகிறாள். ஸ்கேன்லன் வாயடைத்து நிற்கும் அந்த இடத்தில்தான் அவன் பாத்திரமே உயிர் பெறுகிறது. ஆக, பகடியின் விலையைக் கேட்பது நகைச்சுவையைக் கெடுத்துவிடும் என்பது பொய். கேட்டதால்தான் இந்த நகைச்சுவை வளர்ந்தது.

இந்த விளையாட்டை ஆடுகிறவர்களிடம் ஒரு நல்ல வழக்கம் உண்டு. அமெரிக்க ஆட்டக்காரர் ஜான் ஸ்டாவ்ரொபோலஸ் 2013இல் அறிமுகப்படுத்தியது. மேசை நடுவில் ஒரு சிறு அட்டை. அதில் ஒரு பெருக்கல் குறி. கதை தாங்க முடியாத இடத்துக்குப் போகிறது என்று யாருக்காவது தோன்றினால் அட்டையைத் தொட்டால் போதும். காட்சி அங்கே நிற்கும். ஏன் என்று யாரும் கேட்கக் கூடாது. அட்டை வந்தால் ஆட்டம் சுவையிழக்கும் என்று சிலர் முனகினார்கள். நான் அதை வேறுவிதமாகப் பார்க்கிறேன். நிறுத்த முடியும் என்று தெரிந்தவளால்தான் பயமில்லாமல் சிரிக்க முடியும். நம் திருமண வீடுகளில், அலுவலகத் தேநீர் வேளைகளில், குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் அந்த அட்டை எங்கே இருக்கிறது? தொட்டவளை 'இவளோடு விளையாடவே முடியாது' என்று ஒதுக்கிவிடுவார்கள்.

நம் தோழிகளிடமும் எனக்கு ஒரு சண்டை இருக்கிறது. பெண் பாத்திரம் என்றதும் 'வலிமையான பெண்' வேண்டும் என்று கேட்கிறோம். அவள் தடுக்கி விழக் கூடாது, தப்புக் கணக்குப் போடக் கூடாது, பேராசைப்படக் கூடாது. விழுந்தால் பெண்ணினத்துக்கே இழுக்கு. யோசித்துப் பாருங்கள், இதுவும் ஒரு நாற்குணப் பட்டியல்தான். அச்சத்தையும் மடத்தையும் எடுத்துவிட்டு ஆற்றலையும் பிழையின்மையையும் எழுதியிருக்கிறோம். பட்டியலை எழுதும் பழக்கம் மட்டும் மாறவில்லை. டயானாவைப் போலக் குறி தவறாத பெண்ணை மட்டும் கேட்பவர்கள், ப்ரெஸ்டோவின் தொப்பியைப் பையன்களிடமே விட்டுவிடுகிறார்கள். அந்தத் தொப்பியில்தான் கதை இருக்கிறது. சொதப்பத் தெரிந்த பாத்திரத்துக்குத்தான் அடுத்த அத்தியாயத்தில் செய்ய ஏதாவது இருக்கும்.

இது கேளிக்கையைப் பற்றிய சிறு வழக்கு என்று நினைக்க வேண்டாம். என் வகுப்பில் இதை ஆண்டுதோறும் பார்க்கிறேன். கருத்தரங்கில் ஒரு மாணவன் தப்பாகப் பேசினால் அது மாலைக்குள் கதையாகிவிடும். அவனே அதை நடித்துக் காட்டிக் கைத்தட்டல் வாங்குவான். ஒரு மாணவி தப்பாகப் பேசினால் அது அவளுக்குப் பட்டப்பெயராகிவிடும். பட்டம் வாங்கிப் போகும்வரை கூடவே வரும். அதனால் அவள் பேசுவதில்லை. விடைத்தாளில் எழுதுகிறாள், அழகாக எழுதுகிறாள், முதல் மதிப்பெண் வாங்குகிறாள். நேர்முகத் தேர்வில் வாய் திறக்காமல் வேலையை இழக்கிறாள். சொதப்பிப் பழக இடம் கிடைக்காதவர்களிடம் திடீரென்று துணிச்சலை எதிர்பார்ப்பது அநியாயம். அறிவு என்பது சபையில் தப்பாகப் பேசி, சிரிப்பு வாங்கி, மறுநாளும் வந்து பேசுவதால் வளர்வது. அந்த மறுநாள் ஆண்களுக்குச் சுலபமாகக் கிடைக்கிறது.

ஆகவே நான் கேட்பது பெண்களை வைத்துச் சிரிக்காதீர்கள் என்பதல்ல. பெண்களோடு சிரியுங்கள், பெண்களைச் சிரிப்பு மூட்ட விடுங்கள், சொதப்பியவளுக்கு மறுநாள் கொடுங்கள். எழுதுகிற தோழிகளுக்கும் ஒன்று: உங்கள் நாயகியை ஒரு முறையாவது வருத்தமில்லாமல் தடுக்கி விழ வையுங்கள். மாணவிகளுக்கும் ஒன்று: நாலு பேர் சேர்ந்தால் போதும், ஒரு பகடை போதும், விடுதி அறையில் ஒரு மேசை போதும். உங்கள் கதையை நீங்களே நடத்துங்கள். உளறுங்கள், பாறையிலிருந்து குதியுங்கள், மீனாகுங்கள்.

அந்த ஆட்டத்தில் ஒன்று விழுந்தால் படுதோல்வி. நம் பாட்டிமார் திண்ணையில் ஆடிய தாயத்தில் ஒன்றுக்குத்தான் தாயம் என்று பெயர். அது விழாமல் காய் கட்டத்துக்குள் இறங்கவே முடியாது. சபையில் தப்பாகச் சொல்லும் முதல் வார்த்தையையும் அப்படியே எண்ணிக்கொள்ளுங்கள். தாயம் போட்டாயிற்று. காயை இறக்குங்கள்.